மட்டைகள் பூஜையில் இருந்த நாள்

“…அது இன்னாடா ஆட்டம், பாதியில நின்னுகினு? யாரு கெலிச்சாங்கன்னு தெரியாம நான் வூட்டுக்கு வர மாட்டேன், ஆமா!” என்றார் வள்ளியம்மா.

அவர் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் டீ. மேலே ஆவி சுருண்டுகொண்டிருந்தது. மேஜையின் அந்தப் பக்கம் அவர் மகன் வேணு, சிவப்பு மட்டையோடு. இந்தப் பக்கம் என் தோழி கஸ்தூரி. அவள் கையில் மட்டை இல்லை, ஒரு வெற்றிலைப் பெட்டியின் பித்தளை மூடி. நடுவே வலை இருக்க வேண்டிய இடத்தில் தென்னங்குருத்துத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் சூப்பர்வைசரின் உள்ளங்கையில் நெளிந்துபோன ஒரு வெள்ளைப் பந்து.

அதைச் சொல்லிவிட்டு வள்ளியம்மா ஒரு காரியம் செய்தார். அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. “ராணி, உன்னைத் தாம்பரம் போவச் சொன்னா நீ செங்கல்பட்டைச் சுத்திக்கினுதான் போவ” என்று கஸ்தூரி சொல்வாள். கொஞ்சம் சுற்றிக்கொண்டே போவோம், என்னோடு வாருங்கள்.

சாப்பாட்டு மேஜை

எழுபதுகளின் கடைசியா, எண்பதுகளின் தொடக்கமா, சரியாக நினைவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் அப்போது நின்றால் லாரி வருவது தெரிவதற்கு முன் அதன் சத்தம் வந்துவிடும். அவ்வளவு அமைதி. எங்கள் கம்பெனி டியூப் லைட்டுக்குச் சோக்கு செய்யும் சின்னக் கம்பெனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. செம்புக் கம்பியைச் சுற்றும் மெஷின்கள் வரிசையாக. அவற்றில் மணிமங்கலத்திலிருந்து வரும் நான் ஒன்றில், பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் கஸ்தூரி பக்கத்து மெஷினில்.

ஒருநாள் முதலாளி வீட்டிலிருந்து லாரியில் ஒரு பெரிய பச்சை மேஜை வந்து இறங்கியது. இன்னதென்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் போட்டார்கள். நாங்கள் தூக்குவாளியைத் திறந்து அதன்மேல் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.

மேஜையின் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு. அது எதற்கு என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் கேன்டீன் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: “ஆம்பளைங்க இந்தப் பக்கம், பொம்பளைங்க அந்தப் பக்கம். மொதலாளி வூட்ல எவ்ளோ கட்டுப்பாடு பாத்தியா!” நாங்களும் அப்படியே உட்கார்ந்து சில வாரங்கள் சாப்பிட்டோம். சாம்பார் சிந்தினால்கூடக் கோட்டைத் தாண்டாமல் துடைத்துக்கொண்டோம்.

பிறகுதான் சூப்பர்வைசர் தேவராஜ் சார் லீவு முடிந்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மேஜையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏ தாயிகளா, டேபிள் டென்னிஸ் மேசையிலயா ரசம் ஊத்திச் சாப்பிடுதிய?”

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பல வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். டென்னிஸ் என்பது வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் ஆடியது. அவர்கள் ஊரில் மழையும் குளிரும் அதிகம். வெளியே போக முடியாத நாளில் கைகள் சும்மா இருக்குமா? சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, புத்தகங்களை வரிசையாக நிறுத்தி வலையாக்கி, பாட்டில் தக்கையைப் பந்தாக்கி ஆடியிருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டு மேஜையில் ஆடினார்கள், நாங்கள் ஆடும் மேஜையில் சாப்பிட்டோம். கணக்கு நேராகிவிட்டது.

பந்துக்கு வேது

தேவராஜ் சார் வலையும் மட்டைகளும் வாங்கி வரச் செய்தார். சாப்பாட்டு வேளையில் முதல் பாதி சோற்றுக்கு, மறுபாதி பந்துக்கு என்று ஆனது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? டொக்… டக்… டொக்… டக். மதிய வெயில் கூரையில் காய்ந்துகொண்டிருக்கும். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கோணியை விரித்துச் சாய்ந்திருப்பார்கள். அந்தச் சத்தம் தூக்கத்துக்கு உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். எனக்கு இன்றும் கண் சொருகும்போது அதுதான் கேட்கிறது.

கஸ்தூரிக்கு அந்த ஆட்டம் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. பந்தைச் சீவிவிட்டால் அது சுழன்றுகொண்டு வரும். எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியாமல் நாங்கள் மட்டையைக் காட்டினால் கொட்டகைக்கு வெளியே பறந்து, மாடு மேயும் இடத்தில் விழும். அவள் மட்டும் தப்பவே மாட்டாள். “நாள் பூரா கம்பி சுத்துறோம். எது வலஞ்சுழி எது இடஞ்சுழின்னு கூடவா தெரியாது?” என்பாள். இன்னொன்றும் சொன்னாள்: “கண்ணால பாத்தா லேட்டுடீ. மட்டையில படுற சத்தத்தைக் கேளு. பந்து எங்க வரப்போவுதுன்னு அதுவே சொல்லிடும்.”

இதைக் கேட்டு தேவராஜ் சார் பம்பாய்க் கதை ஒன்று சொன்னார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் அங்கே ஒரு மில்லில் குமாஸ்தா. உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. அதுவரை எல்லோரும் புள்ளி வைத்த ரப்பர் ஒட்டிய மட்டையால்தான் ஆடினார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான ஜப்பான்காரர் ஒருவர் மட்டையில் தடித்த ஸ்பாஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தார். அவர் அடித்தால் சத்தமே இல்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் காது கேட்காதவர்கள்போல நின்றார்களாம்.

“கனவுல ஒருத்தன் அடிக்க மாதிரி இருந்திச்சும்மா” என்றார் சார். “கை வீசுறது தெரியுது, பந்து வாறதும் தெரியுது. நடுவுல ஒண்ணும் கேக்கல.”

கஸ்தூரி தன் மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அந்த மட்டை என் எதுருக்க வரவே கூடாது சார்” என்றாள்.

பந்து அடிக்கடி நெளியும். புதுப் பந்து எங்களுக்கு வாய்ப்பதே அரிது, தூக்கிப்போட மனம் வராது. கேன்டீன் மாஸ்டரிடம் ஓடுவோம். அவர் கொதிக்கும் வெந்நீரில் பந்தைப் போட்டு மூடி வைப்பார். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று உப்பி, நெளிசல் தானாக வெளியே வந்துவிடும். “பந்துக்கு வேது புடிச்சாச்சு, எடுத்துக்கினு போங்க” என்பார். அப்படி எடுத்த பந்தை மூக்கருகில் கொண்டுபோனால் கற்பூர வாசனை அடிக்கும். அந்தக் காலத்துப் பந்தின் பொருளிலேயே கற்பூரம் சேர்ந்திருக்குமாம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. வல்லக்கோட்டை முருகன் சந்நிதி வாசனை பந்துக்குள் எப்படிப் போனது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வோம்.

மாப்பிள்ளை வீட்டார்

அந்த வருஷம் கஸ்தூரிக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வேணு வல்லக்கோட்டைக்காரர், படப்பைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, விஜயதசமி காலையில் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

ஒரே ஒரு முள். வேணுவின் அம்மா வள்ளியம்மா, கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கஸ்தூரியின் அப்பா தலையாட்டிவிட்டார். கஸ்தூரி ஆட்டவில்லை.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: “கல்யாணம் வேணாம்னு இல்ல ராணி. ஆளு புடிச்சிதான் கீது. ஆனா மெஷினை விட்டுட்டு வூட்ல உக்காந்தேன்னா, என் கையே என்னைத் தின்னுடும்.” ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் பஸ்ஸோடு கூடவே ஓடி வந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை

கம்பெனிக்குள் குடும்பத்தோடு வரலாம் என்று இருந்த ஒரே நாள் ஆயுத பூஜைதான். மெஷின் எல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை குவித்து, பூசணிக்காய் உடைத்தால், எண்ணெய் நாற்றம் அடிக்கும் இடமா இது என்றிருக்கும். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக் கூடாது. தேவராஜ் சார் இதில் ரொம்பக் கண்டிப்பு. ஸ்பேனர், ரம்பம், சுத்தி, கத்தி, கத்தரிக்கோல் வரைக்கும் வரிசையாக அடுக்கியிருந்தார். கேன்டீன் அடுப்புக்குக்கூடப் பொட்டு வைத்து அணைத்தாகிவிட்டது. அதற்கு முன் போட்ட டீ பெரிய ஃப்ளாஸ்க்குகளில் இருந்தது.

கஸ்தூரியின் அப்பா காலையிலேயே வந்துவிட்டார்; வள்ளியம்மாவும் வேணுவும் மத்தியானம் வந்தார்கள். மருமகள் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார் வள்ளியம்மா. கஸ்தூரியின் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் பித்தளை வெற்றிலைப் பெட்டி.

“எல்லாம் நல்லாத்தான் கீது” என்றார், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. “ஆனா நாளைக்குத் தட்டு மாத்துறதுக்கு முந்தியே சொல்லிடறேன். கல்யாணத்துக்கு அப்பால இந்த ஷிப்டு, ஓ.டி. எல்லாம் எங்களுக்கு ஒத்து வராது. என் புள்ள சம்பாரிக்கிறது போதும்.”

வேணு அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் கண் பச்சை மேஜைமேல் இருந்தது. “இங்க டேபிள் கீதா!” என்றார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கக்கத்தில் ஒரு துணிப்பை. அதில் ஒரு மட்டை, ஒரு பந்து. பட்டறை மனமகிழ் மன்றத்தில் ஆடுகிறவராம். பூஜையில் வைக்க மறந்து, கையோடு கொண்டுவந்துவிட்டார். சிவப்பு ரப்பருக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்சு.

கஸ்தூரியும் அதைப் பார்த்தாள்.

“ஒரு கேம் ஆடலாமா?” என்றாள் வேணுவைப் பார்த்து. “நான் கெலிச்சா, கல்யாணத்துக்கு அப்பாலயும் வேலைக்கு வருவேன். நீங்க கெலிச்சா, நாளையிலேருந்து நின்னுக்கறேன். ஆனா விட்டுக் குடுக்கற வேலை வேணாம். விட்டுக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா கல்யாணமே இல்ல.”

கொட்டகையில் பொரி தின்னும் சத்தம் நின்றுபோனது.

“ஏம்மே, இன்னா பேச்சு இது?” என்று அவள் அப்பா எழுந்தார். வள்ளியம்மாதான் விழுந்து விழுந்து சிரித்தார். “ஆடட்டும் வுடுய்யா! என் புள்ள கப்பு வாங்கினவன். ஆசைக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவட்டும் பொண்ணு.”

எதைக் கொண்டு ஆடுவது?

இப்போது வந்தது வினை. தேவராஜ் சார் எங்கள் மட்டைகளையும் பந்துப் பெட்டியையும் வலையையும் சேர்த்தே பூஜையில் வைத்திருந்தார். “ஸ்பேனர் தொடப்பிடாது, மட்டை மட்டும் தொடலாமோ? அதுவும் ஆயுதந்தானம்மா. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்.”

கஸ்தூரியின் மட்டைக்குக் காலையில் பொட்டு வைத்ததே கஸ்தூரிதான். “நான் வச்ச பொட்டை நானே அழிக்க மாட்டேன்” என்றாள்.

பிளைவுட் பலகையில் ஒன்று அறுத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். ரம்பம் பூஜையில் இருந்தது. கத்தியால் செதுக்கலாமா? கத்தியும் பூஜையில். கேன்டீன் மாஸ்டர், “ரப்பர் செருப்பு கீதே” என்று ஆரம்பித்தார். “யோவ், என் புள்ளையைச் செருப்பால அடிக்கவா இட்டாந்தேன்?” என்று வள்ளியம்மா போட்ட போட்டில் அவர் அடுப்படிக்கே போய்விட்டார்.

கஸ்தூரியின் பார்வை சுற்றிச் சுற்றி வந்து வள்ளியம்மாவின் மடியில் நின்றது.

“அத்தை, அந்தப் பெட்டி மூடியைக் குடுங்களேன்.”

முதல் முறையாக அத்தை என்று கூப்பிட்டிருக்கிறாள். வள்ளியம்மா அதில் தடுமாறிப்போனார். மூடியைக் கழற்றி நீட்டினார். “பத்திரம்மே. எங்கம்மா வூட்டு சீரு.”

“மட்டை மரத்துல இருக்கணும்னு சட்டம்” என்று முனகினார் தேவராஜ் சார். வேணு சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்றார். நூலகத்தில் படித்த அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த வெள்ளைக்காரர்கள் ஆரம்பத்தில் மட்டையாக வைத்து ஆடியது சுருட்டுப் பெட்டியின் மூடியை. அவர்களுக்குச் சுருட்டு, எங்களுக்கு வெற்றிலை.

மேஜையிலிருந்த பொரியை வழித்துத் தள்ளினோம். வாசலில் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணம் ஒன்றைக் கழற்றி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டினோம். தேவராஜ் சார் நடுவர். இருபத்தோரு பாயிண்டு.

சத்தமும் சத்தமின்மையும்

வெளியே தூறல் ஆரம்பித்தது. கூரைமேல் யாரோ மணலைத் தூவுவதுபோல.

வேணு அடித்தால் ஒன்றும் கேட்கவில்லை. சார் சொன்ன பம்பாய் மாதிரியேதான். கை வீசுவது தெரிந்தது, பந்து மேஜையில் விழுந்த பிறகுதான் டொக் என்றது. கஸ்தூரி முதலில் திணறினாள். பந்து அவளைத் தாண்டித் தாண்டிப் போய் வாழைக்கன்றில் மோதியது. அவள் அப்பா நிம்மதியாகப் பொரியில் கை வைத்தார்.

பிறகு அவள் கண்ணைச் சுருக்கி வேணுவின் மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கினாள். காது கைவிட்டுவிட்டது, சரி. சுழி கைவிடவில்லை. கம்பி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரல்களை மூடியின் உட்குழிவில் கொடுத்து, கட்டை விரலை விளிம்பில் போட்டு, வழவழப்பான முதுகைப் பந்துக்குக் காட்டினாள்.

டிங்.

கோயில் மணியை நகத்தால் சுண்டினால் வரும் சத்தம். அந்தப் பித்தளையில் எந்தச் சுழியும் ஒட்டவில்லை. வேணு சீவி அனுப்பிய பந்து சீவியபடியே அவரிடம் திரும்பிப் போனது. அவர் தூக்கினால் கூரைக்குப் போனது, அழுத்தினால் தோரணத்தில் சிக்கியது. டிங்… டொக்… டிங்… டொக். நடுவில் ஸ்பாஞ்சின் மௌனம். மழை, மணி, மௌனம். நான் நின்றுகொண்டே கனவு கண்டேனா என்று இப்போதுகூட யோசிக்கிறேன்.

“டேய் வேணு! பொண்ணு மூஞ்சியைப் பாத்துக்கினு நிக்காத, பந்தைப் பாரு!” என்று கத்தினார் வள்ளியம்மா.

“பந்தைத்தாம்மா பாக்கறேன், அது என்னைப் பாக்க மாட்டேங்குது!” என்றார் வேணு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது மேஜையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

நான் வேடிக்கையான ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு டிங்குக்கும் வள்ளியம்மாவின் தலை ஆடியது. பிறகு வாயும் சேர்ந்துகொண்டது, “ஆங்… ஆங்…” என்று. ஒருமுறை கஸ்தூரியின் பந்து மயிரிழையில் மேஜைக்கு வெளியே விழுந்ததும் “ச்சே!” என்றவர், சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருக்குத் தொண்டை காய்ந்திருக்கும் என்று ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். கடைசி டம்ளர் டீ. நல்லவேளை, ஆவி பறந்தது. “எனக்கு டீன்னா நாக்கு பொத்துப் போவணும். காலைலேருந்து அப்படி ஒரு வாய் கெடைக்கல” என்று ஆசையாக வாங்கிக்கொண்டார்.

அப்போது ஆட்டம் இருபதுக்கு இருபது. இனி அடுத்தடுத்து இரண்டு பாயிண்டு எடுப்பவருக்குத்தான் ஆட்டம். வேணு எகிறி ஓங்கி அடித்தார். கஸ்தூரி மூடியை நீட்டினாள். பந்து முதுகில் படாமல் விளிம்பில் பட்டது. டிங் வரவில்லை. ஒரு செத்த சத்தம் வந்தது. பந்து மேஜையில் விழுந்து எழவில்லை.

தேவராஜ் சார் எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் கன்னம் ஒட்டினாற்போல உள்ளே போயிருந்தது.

“இந்தப் பாயிண்டு செல்லாது, திருப்பி ஆடணும்” என்றார். “ஆனா பந்துக்கு எங்க போறது?”

மற்ற பந்துகள் குங்குமத்தோடு சாமி முன்னால் இருந்தன. வேது பிடிக்க வெந்நீருக்கு அடுப்பு இல்லை. அடுப்பும் பொட்டு வைத்துக்கொண்டு அணைந்து கிடந்தது.

கஸ்தூரியின் அப்பா எழுந்து வேட்டியை உதறினார். “சரி, சமம்னு வச்சிக்கலாம். சமமா முடிஞ்சா பெரியவங்க பேசினபடிதான். இன்னா சம்பந்தி, கெளம்பலாமா?”

கஸ்தூரி மூடியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேணு அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் வள்ளியம்மாவைப் பார்த்தோம். ஆமாம் என்று அவர் ஒருமுறை தலையசைத்தால் போதும். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிடும்.

டம்ளர்

ஜெயித்தது கஸ்தூரிதான். அதை மறைப்பானேன்? அதற்குப் பிறகு இரண்டே பாயிண்டு. கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, எத்தனையோ வருஷம் ஷிப்டு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அவளுடையதாகவே இருந்தது. பிள்ளைகளை வள்ளியம்மா பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு பாயிண்டும் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அதற்கு முந்திய காட்சி மட்டும் நேற்றுப்போல.

“சமமாவது? கெளம்புறதாவது?” என்றார் வள்ளியம்மா. சம்பந்தியைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். “அது இன்னாடா ஆட்டம், பாதியில நின்னுகினு? யாரு கெலிச்சாங்கன்னு தெரியாம நான் வூட்டுக்கு வர மாட்டேன், ஆமா!”

தேவராஜ் சாரின் கையிலிருந்து பந்தை எடுத்தார். ஒரு வாய்கூடக் குடிக்காத அந்தக் கொதிக்கும் டீக்குள் போட்டார். கஸ்தூரியின் கையிலிருந்த மூடியை வாங்கி டம்ளரை மூடினார். எல்லோரும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ‘டக்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. மூடியைத் தூக்கினார். பழுப்பாக, முழு உருண்டையாக மிதந்தது பந்து. விரலைச் சுட்டுக்கொண்டே எடுத்து முந்தானையில் துடைத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கற்பூரத் தட்டைத் தொட்டு ஒற்றிக்கொள்வதுபோல அந்தப் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூடியின்மேல் வைத்து, கஸ்தூரியிடம் நீட்டினார்.